தராசண்ணையும் தாகமெடுத்த மண்ணும்

மாண்ட்ரியலில் பனியைத் திட்டாத தமிழர் ஒரே ஒருவர்தான் உண்டு. மற்ற நாங்கள் எல்லாரும் நவம்பரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை ஓயமாட்டோம். காரைத் தோண்டி எடுக்கும்போது திட்டுவோம், வழுக்கி விழுந்தால் திட்டுவோம், விழாத நாளில் நாளைக்கு விழப்போவதை நினைத்துத் திட்டுவோம். அந்த ஒருவர் மட்டும் பனியை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

கதைக்காகச் சொல்லவில்லை. அதுதான் அவருடைய உத்தியோகம். கோட் பைக்குள் கையை விட்டால் மற்றவர்களுக்குக் கைக்குட்டை வரும், அவருக்குக் கொக்கி வைத்த தராசு வரும். யாழ்ப்பாணத்தில் அவருக்கு வைத்த பெயர் என்ன என்பது அவருடைய மனைவிக்கும் குடிவரவு இலாகாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். எங்களுக்கு அவர் தராசண்ணை.

புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்குக்கும் டயர் கடைக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். எட்டே பேர். வசந்தத்தில் பனி உருகும்போது எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் தொழில். அணைக்கட்டு வைத்திருப்பவர்களும் ஆற்றங்கரை ஊராட்சிகளும் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து மாதம் மலையிலும் காட்டிலும் சேர்ந்த பனி, மூன்று வாரத்தில் மொத்தமாகக் கிளம்பி வரும் நாடு இது. ஜோசியக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். ஜோசியம் பலிக்காவிட்டால் மறுநாள் காலை மேயர் போன் செய்யமாட்டார்.

வேலையை இரண்டாகப் பிரித்திருந்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தராசண்ணை வடக்கே காட்டுக்குப் போவார். வாயில் பல் வைத்த நீளமான அலுமினியக் குழாயைப் பனிக்குள் குத்தி, அடி மண் தட்டும்வரை இறக்குவார். குழாயைத் தூக்கினால் உள்ளே பனி நின்றுகொண்டிருக்கும், நுனியில் ஒரு பிடி மண் ஒட்டியிருக்கும். அந்த மண்ணைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, மீதியைக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பார். மண்ணும் சேர்ந்தால் பனியின் எடை பொய்யாகிவிடும் அல்லவா. அந்த எடைகளை வாங்கிக் கணினிக்குக் கொடுத்து, ஆறு என்ன செய்யும் என்று கேட்டுச் சொல்வது நான். திருச்சியில் வெயிலில் வெந்து படித்த படிப்பு எனக்குப் பனிக்கட்டியில் சோறு போட்டது.

சேர்ந்த முதல் வாரமே என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"ஏண்ணே, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு ஸ்கேலை நட்டு ஆழத்தை அளந்தா போதாதா?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு சாக்குப் பொரியும் ஒரு சாக்கு அரிசியும் ஒரே உயரம்தான். சமைச்சா ரெண்டும் ஒரே அளவு ஆக்களுக்குக் காணுமோ?"

அதற்குப் பிறகு ஆழத்தைப் பற்றி அவரிடம் நான் பேசியதே இல்லை.

எடை போடுவது கையோடு வந்த வியாதி. எதையும் கொக்கியில் மாட்டாமல் அவரால் இருக்க முடியாது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் எல்லாரும் குழந்தையின் மூக்கு யாரைப் போல என்று ஆராய்வார்கள், இவர் துணித்தொட்டிலோடு தூக்கிப் பார்த்து எடையைச் சொல்லிவிட்டுக் கீழே வைப்பார். டொலார்ட் முருகன் கோயிலுக்கு வந்தால், வாகனம் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் குவித்து வைத்த பனியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வருவார். "உதுக்குள்ளை எத்தனை அபிஷேகத்துக்குத் தண்ணி கிடக்கெண்டு தெரியுமோ?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். பூட்ஸைக் கழற்றக் குனிந்திருக்கும் பக்தர் என்ன சொல்வார், பாவம்.

சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். என் டப்பாவிலிருந்து வடை கொடுத்தால் வாங்கி நேரே வாயில் வைக்கமாட்டார். நூல் கட்டித் தொங்கவிட்டு முள்ளைப் பார்ப்பார்.

"போன கிழமையான் வடை உதைவிட அஞ்சு கிராம் கூட. வெங்காயம் குறைச்சுப் போட்டியளோ?"

"அண்ணே, பிடிச்சா சாப்பிடுங்க. இல்லேன்னா குடுத்துருங்க."

"பிடிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? கணக்கு வேற, ருசி வேற."

அவருடைய மேஜைக்கு மேலே ஒரு சுவர் உண்டு. மற்றவர்கள் சுவரில் பிள்ளைகளின் படங்களும் பட்டமளிப்புப் படங்களும் இருக்கும். இவர் சுவரில் அவர் செய்த பிழைகள் இருந்தன. வருடத்துக்கு ஒரு தாள். நாங்கள் சொன்ன ஆறு ஒரு கோடு, வந்த ஆறு இன்னொரு கோடு, இரண்டும் எங்கே பிரிந்தன, ஏன் பிரிந்தன என்று கீழே இரண்டு வரி. எங்கள் முதலாளி பெனுவா, வாடிக்கையாளர் வரும் நாளில் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு பெரிய பூச்செடியை நகர்த்தி வைப்பார். அவர்கள் உள்ளே வந்ததும் தராசண்ணை எழுந்து பூச்செடியை நகர்த்திவிட்டு, "பொன்ஜூர், இதுதான் எங்கட பிழையள்" என்று அறிமுகம் செய்வார்.

என்னுடைய பிழையும் ஒன்று அந்தச் சுவரில் ஏறியிருக்க வேண்டியது. வடக்கே ஒரு காட்டில் ஆள் இல்லாமல் தானே பனியை எடை பார்க்கும் மெத்தை ஒன்றைத் தரையில் பதித்திருந்தோம். ஒரு பிப்ரவரிக் காலையில் அதன் எடை திடீரென்று எகிறி நின்றது. பனிப்புயல் என்று முடிவு கட்டி, அணைக்கட்டுக்காரர்களுக்கு அவசரக் கடிதம் அடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானில் விரல் இருக்கும்போது தராசண்ணை தேநீர்க் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார்.

"தங்கச்சி, விடிய வந்த ஸ்னோ மத்தியானம் எழும்பிப் போகாது."

பார்த்தால் உண்மை. எடை காலையில் ஏறி, நான் கடிதம் அடித்த நேரத்துக்குள் அப்படியே இறங்கியிருந்தது. மூஸ் மான் ஒன்று மெத்தையில் வந்து படுத்து, நிம்மதியாகத் தூங்கி, எழுந்து போயிருக்கிறது. தராசண்ணை எண்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நல்லாய்ச் சாப்பிட்ட மான்" என்றார். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிடுவாரோ என்று நான் தயங்கி நின்றேன். "உது உங்கட பிழை இல்லை, மானின்ர பிழை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருப்போம். அந்தப் பெரும்பனி வருடம் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டு வாசலில் தோண்டியதை எங்கே போடுவது என்று தெரியாமல் ஊரே விழித்தது. தராசண்ணை காட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் முகம் இறுகியிருந்தது. இத்தனை வருடத்தில் குழாய் இவ்வளவு கனத்ததில்லை என்றார். கணினியும் ஒத்துக்கொண்டது. ஆறு கரை மீறும் என்று எல்லாருக்கும் அறிவித்தோம்.

அவருடைய வீடு ரொக்ஸ்பரோவில், ஆற்றை ஒட்டிய தெருவில். அவருடையதையும் சேர்த்து முப்பத்தோரு வீடு. அதில் ஆகக் கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது மதாம் லூசியின் வீடு. எழுபத்தெட்டு வயது, தனி ஆள், துணைக்கு ஒரு பூனை. தராசண்ணை தெரு முழுக்கப் போய்ச் சொன்னார். மூன்று நாள் எல்லாருமாக மண்மூட்டை அடுக்கினோம். நானும் என் கணவரும் போனோம். கணவரின் இடுப்பு இன்றுவரை அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

ஆறு வந்தது. படகு இறக்கும் சரிவில் மூன்றாவது படி வரை ஏறி, எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது.

வெள்ளம் வராததற்கு ஜனங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு நாள் சந்தோஷப்பட்டார்கள். மூன்றாம் நாள் முதுகு வலித்தது, மூட்டைகளை யார் அகற்றுவது என்று பேச்சு வந்தது, பிறகு தெருவில் அவரைக் கண்டால் "அண்ணை, இண்டைக்குக் குடை கொண்டு போகட்டோ?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெனுவா, இதைப் பற்றி இனிப் பேசாமல் அடுத்த வருடத்தைப் பார்ப்போம் என்றார். எல்லா ஆபீஸ்களும் அப்படித்தான் செய்யும்.

தராசண்ணை நான்கு நாள் தன் பழைய தாள்களோடு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

"மண் குடிச்சுப்போட்டுது, தங்கச்சி."

முந்தின இலையுதிர் காலத்தில் மழையே இல்லை. மண் வறண்டு, தாகத்தோடு கிடந்தது. அதன் மேல் பனி மூடியது. கம்பளி போர்த்தியதுபோல் தடித்த பனி இருந்ததால், அடியில் மண் குளிரில் உறைந்து இறுகவும் இல்லை. உருகிய தண்ணீரை ஆற்றுக்கு விடாமல் மண்ணே உறிஞ்சிக்கொண்டது. பனியின் எடை ஒரு கிராம் பிசகாமல் சரியாக இருந்தது. அதற்குக் கீழே இருப்பதைத்தான் நாங்கள் கேட்கவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணினியில் மண்ணின் ஈரத்துக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அந்த வருடம் அதற்கான தகவல் வரவில்லை. வெறுமையாக விடக்கூடாதே என்று, பழைய வருடங்களின் சராசரியை எடுத்துப் போட்டு நிரப்பியது நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"எல்லா வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேக்கோணும்" என்றார்.

"அண்ணே, வெள்ளம் வரலைன்னு யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இப்ப ஏனெண்டு சொல்லாமல் விட்டா, உண்மையாய் வாற வருசம் ஒருத்தரும் மூட்டை தூக்க மாட்டினம். முதல்ல தண்ணிக்குள்ளை போறது மதாமின்ர வீடு."

அன்று முதல் எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அவர் மனைவி வடை சுட்டுத் தந்தார். வீட்டுக்கு இரண்டு, அவருடையதைத் தவிர்த்து மொத்தம் அறுபது. எந்த வீட்டுக்கும் குறையக்கூடாது என்று ஒவ்வொன்றையும் அவர் நிறுத்துப் பார்த்ததில் கிளம்ப ஒரு மணி நேரம் தாமதம். கையில் வடைப் பெட்டி, கக்கத்தில் சொன்ன ஆறும் வந்த ஆறும் கோடு போட்ட, சுருட்டிய வரைபடம். அவருடைய பிரெஞ்சு கொஞ்சம் தள்ளாடும் என்பதால் துணைக்கு நான்.

முதல் கதவைத் திறந்தது குகன் என்கிற லாரி ஓட்டும் தம்பி. திறந்தவுடனே ஆரம்பித்தார்.

"அண்ணை, உங்கட கதையைக் கேட்டு மச்சாளின்ர கலியாணத்துக்கு ரொறன்ரோ போகாமல் மூட்டை சுமந்தனான். என்ர மனுசி இன்னும் என்னோடை கதைக்கிறாள் இல்லை."

"பிழை எங்கட, தம்பி. ஏன் பிழைச்சதெண்டு சொல்லுறன், கேளும்."

"கேட்டா அவள் கதைப்பாளோ?"

"அது எனக்குத் தெரியாது. மண்ணைப் பற்றி மட்டும்தான் தெரியும்."

குகன் சிரிக்கக்கூடாது என்று முயன்று தோற்றார். வரைபடத்தைச் சுவரில் விரித்துப் பிடித்துக்கொண்டு, மண் எப்படிக் குடித்தது என்று பத்து நிமிடம் கேட்டார். உள்ளேயிருந்து அவருடைய மனைவியும் வந்து எட்டிப் பார்த்தார்.

மதாம் லூசியின் வீட்டுக்கு வரும்போது மாலையாகிவிட்டது. வடையைக் கடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். எழுபத்தெட்டு வருடத்தில் தன்னிடம் எத்தனையோ பேர் பொய்யாகச் சொல்லியிருக்கிறார்கள், வானிலைக்காரர்கள், அரசியல்வாதிகள், இரண்டு கணவர்கள். ஒருவர்கூட வரைபடத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டதில்லை என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் குளிருக்கு முன்பே மண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா?

"ஓம், மதாம்" என்றார் தராசண்ணை தமிழிலேயே. அந்த அம்மாளுக்கு அது புரிந்துவிட்டது.

முப்பது கதவிலும் அவர் "பிழை எங்கட" என்றார். முப்பது கதவிலும் நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். சராசரியைப் போட்டது நான் என்று ஒரு கதவில்கூட என் வாயிலிருந்து வரவில்லை.

அக்டோபரில் ஆபீஸுக்கு ஒரு போன். மதாம் லூசி. தன் தோட்டத்து மண்ணில் பின்னல் ஊசியைக் குத்திப் பார்த்தாராம். பாதிவரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியதாம். இது ஈரமா, மிக ஈரமா?

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி வைத்திருப்பார்கள். தராசண்ணை மதாமிடம் விசாரித்து அதே அளவு பின்னல் ஊசி இரண்டு வாங்கிவந்தார். ஆபீஸ் பூந்தொட்டிகளில் ஒன்றைக் காயப்போட்டு, ஒன்றுக்கு அளந்து தண்ணீர் ஊற்றி, ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று குத்திக் குத்திப் பார்த்து, மனைவியின் நகப்பூச்சால் ஊசியில் கோடு போட்டார். பெனுவாவின் பூச்செடி அந்த ஆராய்ச்சியில் உயிரை விட்டது.

"உங்கட தோட்டம் மட்டும் காணாது, மதாம். ஆறு மேலையிருந்தல்லோ வருது" என்று விளக்கினார். மதாம் லூசிக்கு ஆற்றின் மேல்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தங்கை. தங்கைக்கு ஒரு பின்னல் குழு. அந்தக் குழுவில் இருந்தவர்களின் அக்கா தங்கைகள் ஆற்றின் நீளத்துக்கும் சிதறிக் கிடந்தார்கள். நவம்பர் பிறப்பதற்குள் சிவப்புக் கோடு போட்ட ஊசிகளோடு பன்னிரண்டு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் குத்துவார்கள், திங்கட்கிழமை காலை என் மேஜையில் பன்னிரண்டு எண்கள் இருக்கும். அவர்களில் ஒருவர் எண்ணோடு கூட அன்றைக்குச் சுட்ட கேக்கின் செய்முறையையும் அனுப்புவார்.

தராசண்ணையும் மாறியிருந்தார். குழாய் நுனியில் வரும் மண்ணை இப்போது சுரண்டி எறிவதில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு, இடத்தின் பெயர் எழுதி, காயாமல் இருக்க வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். விருந்துக்கு வந்த ஒருவர் பிஸ்கட் என்று நினைத்து ஒரு டப்பாவைத் திறந்துவிட்டதாக அவர் மனைவி என்னிடம் சொல்லி அழாத குறை.

அந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு. திட்டுவதற்குக்கூடப் போதவில்லை. ஆனால் இலையுதிர் காலம் முழுக்க மழை பெய்திருந்தது. ஊசிகள் தலைவரை இறங்கின. பிறகு மேலே போர்வைப் பனி இல்லாமல் கடுங்குளிர் அடித்ததில், அந்த ஈர மண் அப்படியே உறைந்து கல்லாக இறுகிவிட்டது. இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. ஏப்ரல் ஆரம்பத்தில், இருக்கிற பனியின் மேல் மூன்று நாள் மழை வருகிறது என்று வானிலை சொன்னது.

நான் கணினியை இரண்டு முறை ஓட்டினேன். மண் கட்டத்தில் பழைய சராசரியைப் போட்டால் ஆறு அமைதியாகப் போனது. பன்னிரண்டு பெண்களின் எண்களைப் போட்டால் ரொக்ஸ்பரோ தெருவுக்குள் வந்தது.

பெனுவா தலையில் கை வைத்தார். போன வருடம் மலைபோலப் பனி இருந்தபோது வெள்ளம் என்றோம், வரவில்லை. இந்த வருடம் பனியே இல்லாமல் வெள்ளம் என்று, அதுவும் பின்னல் ஊசியை நம்பி, எந்த முகத்தோடு சொல்வது? தராசண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சராசரி போன வருஷமே நம்மளை ஏமாத்திருச்சு" என்றேன். "ஊசி நம்பரைத்தான் அனுப்பணும்." பெனுவா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே தராசண்ணையும் நானும் தெருவில் இறங்கினோம். இந்த முறை வடை இல்லை, நேரம் இல்லை. குகன் வீட்டு மணியை அடித்துவிட்டு முற்றத்தைத் திரும்பிப் பார்த்தேன். புல்தரையில் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் பனி. இதைக் காட்டி வெள்ளம் என்றால் யார் நம்புவார்கள்?

குகன் கதவைத் திறந்தார். தராசண்ணை ஆரம்பிப்பதற்குள் கேட்டார்.

"அண்ணை, மண் என்ன மாதிரி?"

"குடிக்காது, தம்பி. கல்லாய்க் கிடக்கு."

"அப்ப எத்தனை மூட்டை?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "போன வருஷம் தப்பாப் போச்சே தம்பி, இப்ப எப்படி நம்புறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுதான் அக்கா. பிழையெண்டு தானே வந்து கதவைத் தட்டிச் சொன்ன மனுசன். அப்பிடிப்பட்ட ஆள் வருமெண்டு சொன்னா வரும்."

சொல்லிவிட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே அவருடைய மனைவியும் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் பேசிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன்.

முப்பத்தோரு வீடும் இறங்கியது. மதாம் லூசி வீட்டுக்குப் போனால், அவர் காலையிலேயே படங்களையும் பூனையையும் மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தார். குத்தியது நான், எனக்குத் தெரியாதா என்றார்.

வியாழக்கிழமை வரும் என்று சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை வந்தது. படகுச் சரிவைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மதாம் லூசியின் வாசலில் மூட்டைச் சுவர்மேல் சாய்ந்து நின்றது. இரண்டு நாள் நின்றது. சுவர் அசையவில்லை. அந்தத் தெருவில் மூட்டை தூக்கிய ஒவ்வொருவரையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. பத்திரிகையில் படம் வரவில்லை. எதுவும் நடக்காத தெருவை யார் படமெடுப்பார்கள்? நடக்காமல் செய்தது எங்கள் ஆள் என்று நான் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முப்பது வீட்டுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. ஒரே ஒரு வீட்டின் நிலவறையில் கணுக்கால்வரை தண்ணீர். ஊர் வீட்டுக்கெல்லாம் மூட்டை அடுக்கப் போனவர் தன் வீட்டுப் பின்பக்கத்தை மறந்துவிட்டார். அவர் மனைவி அன்று பேசிய தமிழை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

தண்ணீர் வடிந்ததும் நான் போனேன். தராசண்ணை வாசலில் நனைந்த கம்பளத்தைச் சுருட்டி, மரக்கிளையில் கட்டிய தராசில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"காய்ஞ்சாப் பிறகு ஒருக்கா நிறுப்பன். கழிச்சா எவ்வளவு ஆத்துத் தண்ணி எங்கட வீட்டுக்கு வந்ததெண்டு தெரிஞ்சுபோம்."

நான் படியில் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக மறைத்து வைத்ததைச் சொன்னேன்.

"அண்ணே, போன வருஷம் அந்த மண் நம்பர். சராசரியைப் போட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் ஒரு வீட்லயும் சொல்லல?"

அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒவ்வொரு குழாயிலையும் அந்த மண் என்ர கைக்கு வந்தது, தங்கச்சி. தூளாய் உதிர்ந்தது. நான் சுரண்டி எறிஞ்சுபோட்டு ஸ்னோவை நிறுத்தனான். நீங்கள் காணாததுக்குச் சராசரி போட்டனீங்கள். நான் கண்டதை எறிஞ்சனான். ஆரின்ர பிழை பெரிசு?"

நான் அழுதுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காததுபோல் கம்பளத்தைத் திருப்பிப் போட்டார். அடுத்த ஞாயிறு, வியாழன் என்று சொல்லி வெள்ளி வந்ததற்காக முப்பது வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தச் சுவர் என் மேஜைக்கு மேலே வந்துவிட்டது. அதை மறைக்க வேறு பூச்செடி வாங்கவில்லை. பெனுவாவுக்கும் பழகிவிட்டது. பின்னல் ஊசிகள் பன்னிரண்டிலிருந்து முப்பதைத் தாண்டிவிட்டன. மதாம் லூசிதான் தலைவி.

போன ஏப்ரலில் என் கணக்கு இரண்டு நாள் பிசகியது. வெள்ளமெல்லாம் இல்லை, சும்மா இரண்டு நாள். ஆனாலும் வடை சுட்டேன், வரைபடத்தைச் சுருட்டினேன், ரொக்ஸ்பரோவில் வீடு வீடாக ஏறினேன். முப்பத்தோராவது கதவைத் திறந்தது தராசண்ணை.

"மன்னிக்கணும்ணே. ரெண்டு நாள் தப்பாயிருச்சு."

"ஏன் பிழைச்சது?"

சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் புதிதாகக் கேட்பவர்போல் கடைசிவரை கேட்டார். முடித்ததும் பெட்டியைத் திறந்து நீட்டினேன். ஒரு வடையை எடுத்தார். அவர் கை தராசை எடுக்கப் பைக்குள் போகும் என்று நான் காத்திருந்தேன்.

போகவில்லை. வடை நேராக வாய்க்குப் போனது.